எரிந்தவர்கள் கேட்டது என்ன?

வியட்நாம் முதல் திபெத் வரை: பௌத்தர்களின் தீக்குளிப்புப் போராட்டங்கள்

2009 பிப்ரவரிக்கும் 2022-க்கும் இடையில் சீன ஆட்சியின் கீழுள்ள திபெத்தியப் பகுதிகளில் 150-க்கும் மேற்பட்டவர்கள் தங்கள் உடலுக்குத் தீ வைத்துக்கொண்டார்கள். பெரும்பாலோர் இறந்துபோனார்கள். பிக்குகளும் பிக்குணிகளும் மட்டுமல்ல, மந்தை மேய்ப்பவர்கள், உழவர்கள், பள்ளி மாணவர்கள், கைக்குழந்தையை வீட்டில் விட்டுவந்த தாய்மார்கள் என்று எல்லாத் தரப்பினரும் இதில் இருக்கிறார்கள். உலகம் இதுவரை கண்ட தீக்குளிப்புப் போராட்டங்களில் இவ்வளவு பெரிய அலைகள் மிகச் சிலவே. ஆனாலும் இந்தச் செய்தி உலகின் தலைப்புச் செய்திகளில் நெடுநாள் தாக்குப்பிடித்ததில்லை.

இது பேசப்படும் இடங்களில் இரண்டு கேள்விகள் தவறாமல் எழுகின்றன. கொல்லாமையை முதல் சீலமாகக் கொண்ட பௌத்தம் இதை எப்படி ஏற்கிறது? இதனால் என்ன பலன் கிடைத்தது? இரண்டும் நியாயமான கேள்விகள்; இரண்டையும் இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. ஆனால் இவற்றுக்கு முன்னால் கேட்கப்பட வேண்டிய மூன்றாவது கேள்வி ஒன்று இருக்கிறது: அவர்கள் எதைக் கேட்டார்கள்? பௌத்தம் இந்தச் செயலுக்கு ஒரு மொழியைத் தந்தது. காரணத்தைத் தந்தது அரசியல். மொழியை ஆராய்வதிலேயே பொழுது போய்விட்டால் காரணம் கண்ணில் படாமலே போய்விடும். தீயைக் கண்டு மலைத்து நிற்பதும் தீயைக் கண்டு முகம் திருப்பிக்கொள்வதும் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன.

சைகோன், 1963

தீக்குளிப்பு நவீன அரசியல் போராட்டமாக உலகின் கண்ணில் பட்டது 1963 ஜூன் 11 அன்று. அன்றைய தென்வியட்நாமில் மக்களில் பெரும்பான்மையோர் பௌத்தர்கள். அதிபர் நோ டின் டியெம் கத்தோலிக்கர். பதவியிலும் நிலத்திலும் இராணுவத்திலும் தன் சமயத்தாருக்கு அவர் காட்டிய சலுகை நெடுநாளாகப் புகைந்துகொண்டிருந்தது. அந்த ஆண்டு புத்த பூர்ணிமையின்போது ஹுவே நகரில் பௌத்தக் கொடி ஏற்றத் தடை விதிக்கப்பட்டது. அதற்குச் சில நாள் முன்புதான் அதே நகரில் அதிபரின் அண்ணனான பேராயரின் விழாவுக்காக வத்திக்கான் கொடிகள் தாராளமாகப் பறந்தன. மே 8 அன்று வானொலி நிலையத்தின் முன் கூடிய கூட்டத்தின் மீது அரசுப் படை நடத்திய தாக்குதலில் ஒன்பது பேர் இறந்தார்கள். பௌத்தர்கள் ஐந்து கோரிக்கைகளை வைத்தார்கள்: கொடித் தடையை நீக்குவது, கத்தோலிக்கருக்கு நிகரான சட்ட உரிமை, கைதுகளை நிறுத்துவது, வழிபாட்டு உரிமை, இறந்தவர்களின் குடும்பங்களுக்கு இழப்பீடும் குற்றவாளிகளுக்குத் தண்டனையும். ஒரு மாதம் கழிந்தது, அரசு இறங்கிவரவில்லை.

ஜூன் 11 காலை சுமார் 350 பிக்குகளும் பிக்குணிகளும் சைகோன் தெருவில் ஊர்வலமாக வந்தார்கள். முன்னால் ஒரு வெளிர்நீல ஆஸ்டின் கார். பரபரப்பான ஒரு நாற்சந்தியில் ஊர்வலம் நின்றது. காரிலிருந்து இறங்கிய அறுபது வயது தாண்டிய திக் குவாங் டுக் என்னும் மூத்த பிக்கு, சாலை நடுவில் பத்மாசனத்தில் அமர்ந்தார். நெருப்பு மூண்ட பிறகும் அவர் அசையவில்லை, குரல் எழுப்பவில்லை. தீயணைப்பு வண்டி நெருங்காதபடி இளம் துறவிகள் அதன் சக்கரங்களுக்கு முன் படுத்துக்கொண்டார்கள். ஒரு பிக்கு ஒலிபெருக்கியில் வியட்நாமியத்திலும் ஆங்கிலத்திலும் மாற்றி மாற்றி அறிவித்துக்கொண்டிருந்தார். ஏதோ நடக்கப்போகிறது என்று வெளிநாட்டுச் செய்தியாளர்களுக்கு முதல்நாளே தகவல் தரப்பட்டிருந்தது. நம்பி வந்தவர்கள் சிலர்தான். அவர்களில் ஒருவரான அசோசியேட்டட் பிரஸ் நிருபர் மால்கம் பிரவுன் எடுத்த படம் மறுநாள் உலகம் முழுக்கப் போனது.

குவாங் டுக் விட்டுச்சென்ற கடிதத்தில் வசை இல்லை. மக்களிடம் கருணை காட்டி சமயச் சமத்துவத்தை நிலைநாட்டுமாறு அதிபரை அவர் மரியாதையோடு வேண்டிக்கொள்கிறார். பௌத்தர்களை ஒற்றுமையாக இருக்கச் சொல்கிறார். அவ்வளவுதான். அதிபரின் தம்பி மனைவியான மேடம் நூ இதைப் பிக்குகளின் 'பார்பிக்யூ' என்று எள்ளினார். அந்த ஏளனமும் அந்தப் படமும் அடுத்தடுத்து அமெரிக்க வீடுகளைச் சென்றடைந்தன. ஜூன் 16 அன்று அரசுக்கும் பௌத்தர்களுக்கும் இடையே ஓர் உடன்பாடு கையெழுத்தானது. ஆனால் அது நடைமுறைக்கு வரவில்லை. ஆகஸ்டில் பகோடாக்களுக்குள் படை புகுந்தது. அதற்குள் மேலும் சிலர் தீக்குளித்திருந்தார்கள். நவம்பர் தொடக்கத்தில் இராணுவப் புரட்சியில் டியெம் கொல்லப்பட்டார்.

இதற்குப் பிறகு நடந்ததைப் பலர் சொல்லாமல் விடுகிறார்கள். டியெம் போனதால் அமைதி வந்துவிடவில்லை; போர் பெருகியது. 1967 மே 16 அன்று, புத்த பூர்ணிமையை ஒட்டி, நாட் சி மாய் என்ற இளம்பெண் சைகோனில் ஒரு பகோடா வளாகத்தில் தீக்குளித்தார். வியட்நாமியத் துறவி திக் நாட் ஹான் தொடங்கிய இணைவாழ்வுச் சங்கத்தில் முதன்முதலாகத் தீட்சை பெற்ற ஆறு பேரில் இவரும் ஒருவர். போரை நிறுத்துங்கள் என்று இரு தரப்பாரையும் கேட்டுக் கடிதங்களும் கவிதைகளும் எழுதி வைத்திருந்தார். அவர் கேட்ட அமைதி வர இன்னும் எட்டு ஆண்டுகள் ஆயின. சைகோனைத் தீக்குளிப்பின் வெற்றிக் கதையாக மட்டும் சொல்கிறவர்கள் இந்த மரணத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நூல்கள் என்ன சொல்கின்றன?

பௌத்த நூல்களில் இதற்கு ஒற்றை விடை கிடையாது. துறவியருக்கான ஒழுக்க விதிகளைத் தரும் பாலி விநயத்தில் பிக்குகளைச் சங்கத்திலிருந்து நீக்கும் நான்கு பெருங்குற்றங்களில் மூன்றாவது, மனித உயிரைக் கொல்வது. பிறரைச் சாகத் தூண்டுவதும், சாவைப் புகழ்ந்து பேசுவதும் அதே குற்றத்தில் அடங்கும். இன்றைய விவாதத்துக்கு மிகவும் வேண்டிய விதி இது. சாகிறவரைவிடச் சாவைப் புகழ்கிறவரிடம் விநயம் கண்டிப்பாக இருக்கிறது. மறுபுறம், தீராத நோயில் உயிரை மாய்த்துக்கொண்ட வக்கலி, கோதிகன் முதலிய பிக்குகளைப் புத்தர் பழித்ததாகப் பாலிச் சூத்திரங்கள் சொல்லவில்லை. உரையாசிரியர்கள் இன்றுவரை அவற்றோடு மல்லுக்கு நிற்கிறார்கள்.

ஜாதகக் கதைகள் வேறொரு வழியைத் திறந்துவிடுகின்றன. விருந்தாளிக்குக் கொடுக்கத் தன்னிடம் வேறொன்றும் இல்லாத முயல் தானே நெருப்பில் பாய்கிறது. பசித்த புலிக்கும் அதன் குட்டிகளுக்கும் போதிசத்துவர் தன் உடலைத் தருகிறார். இந்த மரபு தமிழுக்கும் உரியது. மணிபல்லவத் தீவில் தனித்து விடப்பட்ட ஆபுத்திரன், பிறர் பசியைத் தீர்க்க உதவாத அமுதசுரபியைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டதை மணிமேகலை சொல்கிறது. உயிரைவிடக் கொடை பெரிது என்ற எண்ணம் பௌத்தம் போன இடமெல்லாம் போயிருக்கிறது.

தீயோடு நேரடித் தொடர்புடைய நூல் மகாயானத்தின் தாமரை சூத்திரம். அதில் பைஷஜ்யராஜ போதிசத்துவர் தம் முற்பிறவியில் உடலையே விளக்காக்கிப் புத்தருக்குக் காணிக்கை செலுத்துகிறார். சீனத்தில் இதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டவர்கள் இருந்தார்கள். கி.பி. 396-இல் ஃபாயூ என்ற துறவி தீக்குளித்ததிலிருந்து சீன பௌத்த வரலாற்று நூல்கள் நூற்றாண்டுகள் நெடுக இத்தகையோரைப் பதிவு செய்துள்ளன. ஜேம்ஸ் பென் என்ற ஆய்வாளர் இவற்றைத் தொகுத்து ஒரு முழு நூலே எழுதியிருக்கிறார். எதிர்க்குரலும் அன்றே இருந்தது: இந்தியாவுக்கு வந்து நாலந்தாவில் கற்ற இத்சிங், இது விநயத்துக்கு மாறானது என்று ஏழாம் நூற்றாண்டின் இறுதியில் வெளிப்படையாகவே எழுதினார்.

இந்தப் பழைய காணிக்கைக்கும் 1963-க்கும் நடுவே ஒரு பெரிய திருப்பம் இருக்கிறது. சீனத் துறவிகளில் பெரும்பாலோர் தம் உடலைப் புத்தரை நோக்கிச் செலுத்தினார்கள். குவாங் டுக் தம் உடலை அரசை நோக்கி வைத்தார். 1965-இல் மார்ட்டின் லூதர் கிங்குக்கு எழுதிய கடிதத்தில் திக் நாட் ஹான் இதை விளக்க முயன்றார். இது வாழப் பயந்து செய்யும் தற்கொலை அல்ல. சொல்ல வந்ததை முழு உறுதியோடு சொல்வதற்காகத் துன்பத்தை ஏற்பது. இதன் நோக்கம் அடக்குபவரின் சாவல்ல, அவர் கொள்கையின் மாற்றம் என்பது அவர் வாதம். பௌத்தர்கள் எல்லோரும் இதை ஏற்கவில்லை. ஆனால் நூல்களை அலசி அனுமதி உண்டா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வதோடு விஷயம் முடிந்துவிடாது. ஒரே விநயத்தைப் படித்த பல்லாயிரம் பிக்குகளில் சிலர் மட்டும், அதுவும் சில ஊர்களில், சில ஆண்டுகளில் மட்டும் இதைச் செய்தார்கள். ஏன் அந்த ஊர், ஏன் அந்த ஆண்டு என்பதற்கு எந்தச் சூத்திரத்திலும் பதில் கிடையாது.

ஙாபா

திபெத்தியரிடம் முன்பு தீக்குளிப்பு ஒரு போராட்ட வடிவமாக இருந்ததில்லை. நாடுகடந்த திபெத்தியரிடையே முதல் நிகழ்வு நடந்தது டெல்லியில். 1998 ஏப்ரல் 27 அன்று, திபெத்திய இளைஞர் காங்கிரஸ் நடத்திய உண்ணாவிரதத்தைப் போலீஸார் கலைக்கப் புகுந்தபோது, முன்னாள் படைவீரரான துப்டென் ஙோடுப் தீக்குளித்தார். இரண்டு நாளில் இறந்தார். தலாய் லாமா மருத்துவமனைக்குச் சென்று அவரைப் பார்த்தார். பிறகு பத்தாண்டுகளுக்கும் மேலாக அந்தத் தீ பரவவில்லை.

அது திபெத்துக்குள் மூண்ட இடம் ஙாபா. இன்று சிச்சுவான் மாகாணத்துக்குள் அடங்கும் இந்த ஊர், திபெத்தியர் ஆம்தோ என்று அழைக்கும் பகுதியைச் சேர்ந்தது. ஒரே நெடுந்தெரு, அதன் ஓரத்தில் ஆயிரக்கணக்கான பிக்குகள் வாழ்ந்த கீர்த்தி மடாலயம். 1930-களின் நடுவில் நெடும்பயணம் மேற்கொண்ட செம்படை இந்தப் பக்கமாகத்தான் வந்தது. பசியால் வாடிய வீரர்கள் மடாலயங்களில் வெண்ணெயும் பார்லி மாவும் கொண்டு செய்து வைத்திருந்த படையல் உருவங்களைத் தின்றார்கள். ஙாபாவைப் பற்றி பார்பரா டெமிக் எழுதிய நூலின் தலைப்பே அந்த நிகழ்விலிருந்து பிறந்தது. பிறகு 1958-இன் ஒடுக்குமுறை, பிறகு கலாச்சாரப் புரட்சி, பிறகு 2008. கீர்த்தி மடத்தின் தலைவரான கீர்த்தி ரின்போச்சே 2011-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்றின் முன் சாட்சியம் அளித்தபோது இந்த வரிசையைத்தான் எடுத்துச் சொன்னார்: மூன்று தலைமுறைகளின் ஆறாத காயம் அது.

2008 மார்ச்சில் லாசாவில் தொடங்கிய எழுச்சி 16-ஆம் தேதி ஙாபாவை எட்டியது. போலீஸார் சுட்டார்கள். குறைந்தது பத்துப் பேர் இறந்தார்கள். இருபதுக்கும் மேல் என்கிறது திபெத்தியத் தரப்பு. குண்டடிபட்ட உடல்களை மக்கள் மடாலயத்துக்குத் தூக்கி வந்தார்கள். அடுத்த ஆண்டு இறந்தவர்களுக்காக நடத்தவிருந்த பிரார்த்தனைக்கு அனுமதி மறுக்கப்பட்டது. அந்த மறுப்புக்குப் பின், 2009 பிப்ரவரி 27 அன்று, தாபே என்ற இளம் பிக்கு தீக்குளித்தார். எரிந்துகொண்டிருந்தவரைப் போலீஸார் சுட்டதாக நேரில் கண்டவர்கள் சொன்னார்கள். அவர் பிழைத்தார். செத்தவர்களுக்காக அழக்கூட அனுமதி இல்லை என்ற இடத்திலிருந்து இது தொடங்கியது என்பதை மறந்துவிடக் கூடாது.

2011 மார்ச் 16 அன்று, துப்பாக்கிச் சூட்டின் மூன்றாம் ஆண்டு நினைவு நாளில், புன்ட்சோக் என்ற பிக்கு அதே தெருவில் தீக்குளித்து இறந்தார். அரசு கீர்த்தி மடாலயத்தை முற்றுகையிட்டது. சுமார் 300 பிக்குகள் வண்டிகளில் ஏற்றிக் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களைக் கொண்டுபோக விடாமல் மறித்து நின்ற ஊர்மக்களில் முதியவர்கள் இருவர் இறந்தார்கள். முற்றுகை தீயை அணைக்கவில்லை, அதைப் பரப்பியது. அந்த ஆண்டின் இறுதிக்குள் திபெத்துக்குள் 12 பேர். 2012-இல் 80-க்கும் மேல். அந்த ஆண்டு நவம்பரில் பெய்ஜிங்கில் கம்யூனிஸ்ட் கட்சியின் 18-ஆவது மாநாடு நடந்த மாதத்தில் மட்டும் 25-க்கும் மேல். சிச்சுவான், கான்சு, சிங்ஹாய் மாகாணங்களில் உள்ள திபெத்தியப் பகுதிகளில்தான் இவற்றில் பெரும்பாலானவை நிகழ்ந்தன. ஙாபாவின் நெடுந்தெருவைத் திபெத்தியர் 'வீரர் தெரு' என்று அழைக்கத் தொடங்கினார்கள்.

விட்டுச்சென்ற சொற்கள்

தொடக்கத்தில் பிக்குகள். பிறகு முன்னாள் பிக்குகள். 2011 அக்டோபரில் முதல் பிக்குணி. 2012-இல் இல்லறத்தார் பெருகினார்கள். மார்ச்சில் கான்சு மாகாணத்தின் மாச்சு ஊரில், விடுமுறை முடிந்து பள்ளிக்குத் திரும்பிய ஒரு மாணவி, காய்கறிச் சந்தையில் தீக்குளித்தாள். பெரும்பாலோர் முப்பது வயதுக்கு உட்பட்டவர்கள். 2022-இல் ஙாபாவில் இறந்தவரோ எண்பதைக் கடந்த முதியவர். அதே ஆண்டு பிப்ரவரியில் லாசாவில் பொட்டாலா அரண்மனையின் முன் தீக்குளித்த செவாங் நோர்பு, சீனத் தொலைக்காட்சி மேடைகளில் ஏறிப் பாடிய பிரபலப் பாடகர். பணமும் புகழும் தேடிவந்த ஒரு பாடகரை வாழ்வில் வழியற்றவர் என்று சொல்லி ஒதுக்கிவிட முடியாது.

இவர்களில் பலர் கடிதமோ ஒலிப்பதிவோ கைப்பேசியில் சில வரிகளோ விட்டுச்சென்றார்கள். அவற்றில் மிக விரிவானது லாமா சோபாவின் ஒலிநாடா. சிங்ஹாயின் கோலோக் பகுதியில் ஆதரவற்ற குழந்தைகளுக்கும் முதியோருக்கும் இல்லம் நடத்தியவர் அவர். மக்கள் பெரிதும் மதித்த மறுபிறவி லாமா. 2012 ஜனவரி 8 அன்று, நாற்பதைக் கடந்த வயதில், தீக்குளித்து இறந்தார். அவர் பேச்சு ஒரு பிரார்த்தனை போலவே ஓடுகிறது. தம் உடலை இருளை விரட்டும் ஒளிக்காணிக்கையாகத் தருவதாகச் சொல்கிறார். தலாய் லாமாவின் நீண்ட ஆயுளுக்காகவும் எல்லா உயிர்களின் துயர் நீங்கவும் அதை அர்ப்பணிக்கிறார். பிறகு குரல் மண்ணுக்கு இறங்குகிறது. திபெத்தியர் தங்களுக்குள் சண்டையிடக் கூடாது, ஏழைகளுக்கு உதவ வேண்டும், பிள்ளைகளுக்குக் கல்வியும் சொந்தப் பண்பாடும் கற்றுத்தர வேண்டும் என்கிறார். தாமரை சூத்திரத்தின் மொழியும் ஊர்ப் பெரியவரின் அக்கறையும் ஒரே மூச்சில் வருகின்றன.

சீன எழுத்தாளர் வாங் லிசியோங் இத்தகைய 26 பேரின் இறுதிச் சொற்களைத் தொகுத்துப் படித்தார். உலகின் கவனத்தை ஈர்ப்பதற்காகத்தான் இதைச் செய்கிறார்கள் என்ற பொது எண்ணம் அவற்றைப் படித்தபோது நிற்கவில்லை. உலகை விளித்தவை மிகக் குறைவு. தன் மக்களுக்காக ஏதாவது செய்தாக வேண்டும் என்ற துடிப்பே பெரும்பாலானவற்றில் இருந்தது. திரும்பத் திரும்ப வரும் கோரிக்கைகள் சில: தலாய் லாமா திரும்பி வர வேண்டும், திபெத்துக்குச் சுதந்திரம் வேண்டும், மொழி அழியக் கூடாது, திபெத்தியர் ஒன்றுபட வேண்டும். சீனர் மீது வன்மம் கக்கும் பேச்சு அவற்றில் அரிது. இந்த 150-க்கும் மேற்பட்ட நிகழ்வுகளில் எவரும் பக்கத்தில் இருந்தவரைத் தாக்கியதாகத் தெரியவில்லை.

கோரிக்கைகளின் பின்னணி கண்ணெதிரே இருக்கிறது. 1990-களிலிருந்து மடாலயங்களில் நடத்தப்படும் 'தேசபக்திக் கல்வி' பிக்குகளைத் தலாய் லாமாவைப் பழித்துக் கையெழுத்திடச் சொல்கிறது. தம் குருவை எழுத்தில் நிந்திப்பதைவிடப் பெரிய அவமதிப்பு ஒரு திபெத்திய பிக்குவுக்கு இல்லை. 2007-இல் வந்த அரசாணை, எந்த லாமா மறுபிறவி எடுக்கலாம் என்பதற்கே அரசின் ஒப்புதல் வேண்டும் என்றது. 2010-இல் பாடமொழியைச் சீனமாக்கும் திட்டத்துக்கு எதிராக ரெப்கோங் மாணவர்கள் ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். மேய்ச்சல் நிலத்திலிருந்து குடும்பங்கள் வரிசை வீடுகளுக்குப் பெயர்க்கப்பட்டன. புனித மலைகளில் சுரங்கங்கள் தோண்டப்பட்டன.

அரசின் பதில்

பெய்ஜிங்கின் வாதம் இது: திபெத்தில் சாலைகள், இரயில், மருத்துவமனைகள், வருமானம் எல்லாம் பெருகியுள்ளன, தீக்குளிப்புகள் 'தலாய் கும்பல்' வெளியிலிருந்து தூண்டிவிடுபவை. வெளியுறவு அமைச்சகம் இதை மறைமுகப் பயங்கரவாதம் என்றது. சாலையும் வருமானமும் வந்தது உண்மை. ஆனால் இறந்தவர்கள் கேட்டவை சாலையும் வருமானமும் அல்லவே. கேட்காததைத் தந்துவிட்டு, தந்தேனே என்று சொல்வது பதிலாகாது. தூண்டுதல் குற்றச்சாட்டுக்கோ, வெளியிலிருந்து எவரும் சென்று பார்க்கவோ விசாரிக்கவோ முடியாத இடங்களிலிருந்து பெறப்பட்ட வாக்குமூலங்கள் மட்டுமே ஆதாரம்.

2012 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் தலைமை வழக்குத்துறையும் காவல் அமைச்சகமும் கூட்டாக ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டன: தீக்குளிப்புக்கு உதவுவதும் தூண்டுவதும் கொலைக்குற்றம். அடுத்த மாதமே ஙாபா நீதிமன்றம் ஒரு பிக்குவுக்கு இரண்டாண்டு நிறுத்திவைக்கப்பட்ட மரண தண்டனையும் அவர் உறவினருக்குப் பத்தாண்டுச் சிறையும் விதித்தது. 2013-இல் சோய்கே மாவட்டம் பிறப்பித்த விதிகள் இன்னும் கீழே இறங்கின: தீக்குளித்தவரின் நெருங்கிய உறவினருக்கு அரசு வேலை, கடன், சலுகைகள் மறுக்கப்படும், ஊர் முழுவதும் பிணைத்தொகை கட்ட வேண்டும். இறந்தவரைத் தண்டிக்க முடியாது என்பதால் இருப்பவரைத் தண்டிப்பது. லாசாவின் ஜோகாங் கோயிலருகே 2012 மே மாதம் இருவர் தீக்குளித்ததும் கிழக்குத் திபெத்தைச் சேர்ந்தவர்கள் நகரிலிருந்து கூட்டம் கூட்டமாக வெளியேற்றப்பட்டார்கள். தெருக்களில் தீயணைப்புக் கருவியோடு காவலர்கள் நிறுத்தப்பட்டார்கள்.

2013-க்குப் பின் எண்ணிக்கை சரிந்தது. இப்போது மிக அரிதாகிவிட்டது. அரசு இதைத் தன் கொள்கையின் வெற்றியாகக் காட்டும். தன் மகனுக்கு வேலை போகும், தன் ஊருக்குப் பிணை கட்ட நேரும் என்றால் யார்தான் துணிவார்கள்? குறை தீர்ந்ததால் வந்த அமைதி வேறு. வாய் அடைபட்டதால் வந்த அமைதி வேறு. இதற்கு ஒரே ஓர் எடுத்துக்காட்டு போதும். யூஷு ஊரின் கடைக்காரர் தாஷி வாங்சுக் தீயைத் தொடவில்லை. திபெத்திய மொழிக் கல்வி வேண்டும் என்று சீனச் சட்டத்தை மேற்கோள் காட்டி, வழக்குத் தொடுக்கும் முயற்சியோடு பெய்ஜிங் போனார். ஒரு பத்திரிகையின் காணொளியில் பேசினார். 2016-இல் கைதாகி ஐந்தாண்டு சிறையில் இருந்தார். சட்டத்தின் வழியில் போனவருக்கே இந்த நிலை என்றால், வேறு வழியே இல்லையா என்று தீக்குளித்தவர்களைப் பார்த்துக் கேட்கிறவர்கள் அதே கேள்வியை முதலில் அந்த அரசிடம் கேட்க வேண்டும்.

திபெத்தியருக்குள் நடந்த விவாதம்

தலாய் லாமாவின் நிலை எளிதாக இருக்கவில்லை. 2012-இல் ஒரு பேட்டியில் அவர் மனம் திறந்து சொன்னார்: ஆதரித்துப் பேசினால் சீனா தூண்டியதாகக் குற்றம் சாட்டும், கண்டித்துப் பேசினால் உயிரைக் கொடுத்தவர்களின் குடும்பங்கள் நொந்துபோகும், எனவே நடுநிலை காக்கிறேன். இந்த மௌனம் போதாது என்று குறை சொன்னவர்கள் உண்டு. அவர் ஒரு சொல் சொன்னால் நின்றிருக்குமே என்பது அவர்கள் ஆதங்கம். திபெத்திய பௌத்தத்தின் உயர் லாமாக்களில் ஒருவரான கர்மபா உக்யென் டிரின்லே டோர்ஜே 2011 நவம்பரில், திபெத்தியர் எண்ணிக்கையில் குறைந்தவர்கள், ஒவ்வோர் உயிரும் வேண்டும், நிறுத்துங்கள் என்று வெளிப்படையாக வேண்டினார். 2012 மார்ச்சில் கவிஞர் செரிங் வோசரும் ஆர்ஜியா ரின்போச்சேவும் இன்னொரு கவிஞரும் சேர்ந்து, உயிரோடிருந்து போராடுங்கள் என்று முறையீடு வெளியிட்டார்கள். அதே வோசர்தான், இறந்தவர்களின் சொற்களை ஒன்றுவிடாமல் தொகுத்து, இது விரக்தியின் செயல் அல்ல என்று வாதாடி நூலும் எழுதினார். சாவைத் தடுக்கப் பார்ப்பதும் செத்தவரை மதிப்பதும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல என்பதற்கு அவரே சான்று. இந்த விவாதத்தில் மிகத் தெளிவான நிலைப்பாடு அவருடையது என்றே நான் கருதுகிறேன்.

இன்னொரு கனமான கேள்வியும் உண்டு. நாடுகடந்த திபெத்தியரின் மையமான தரம்சாலாவிலும் பிற நாடுகளிலும் மெழுகுவத்தி ஊர்வலங்களில் எரிந்தவர்களின் படங்கள் வீரர்களின் படங்களாக ஏந்தப்பட்டன. இது அடுத்தவருக்கு அழைப்பாகிவிடாதா? சாவைப் புகழ்வதைப் பெருங்குற்றமாக்கிய விநய விதி இங்கேதான் பொருள்படுகிறது. தமிழ் வாசகருக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. 1964 ஜனவரியில் திருச்சியில் கீழப்பழுவூர் சின்னசாமி தொடங்கி 2009 ஜனவரியில் சென்னையில் முத்துக்குமார் வரை, எரிந்தவர்களின் படத்துக்கு மாலை போட்டவர்கள் எத்தனை பேர், அவர்கள் எழுதி வைத்ததை முழுக்கப் படித்தவர்கள் எத்தனை பேர் என்பதை நாம் அறிவோம். புகழ்மாலை சாவைப் பெரிதாக்கிக் கோரிக்கையைச் சிறிதாக்கிவிடும்.

தீ நியாயத்தை நிரூபிக்காது

எரிந்தவர் சொன்னதெல்லாம் சரி என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது. 2013 மே 24 அன்று, வெசாக் நாளில், கண்டி தலதா மாளிகையின் முன் போவத்தே இந்திரரதன என்ற பிக்கு தீக்குளித்தார், மறுநாள் இறந்தார். மாடறுப்பைத் தடைசெய்ய வேண்டும் என்பது அவருடைய முக்கியக் கோரிக்கை. இலங்கையில் முஸ்லிம்களுக்கு எதிராக ஹலால் எதிர்ப்புப் பிரசாரம் உச்சத்தில் இருந்த நேரம் அது. திபெத்திய பிக்கு ஒரு பேரரசின் ஒடுக்குமுறைக்கு எதிராக எரிந்தார். கண்டியில் எரிந்தவரோ, அரசமைப்பிலேயே முதன்மை இடம் பெற்ற சமயத்தின் பெயரால், நாட்டின் சிறுபான்மை ஒன்றின் மீது விழக்கூடிய கோரிக்கையோடு எரிந்தார். இருவரின் வேதனையும் உண்மையாக இருக்கலாம். ஆனால் வேதனையின் அளவு கோரிக்கையின் நியாயத்துக்கு அளவுகோல் ஆகாது. தென்கொரியாவில் 2010-இல் நான்கு ஆறுகள் திட்டத்தை எதிர்த்து இறந்த பிக்கு முன்சுவின் கோரிக்கையையும் அதன் தகுதி கொண்டே எடைபோட வேண்டும். எதைக் கேட்டார்கள் என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி, பலன். மைக்கேல் பிக்ஸ் என்ற சமூகவியலாளர் 1963-க்குப் பிந்திய நாற்பதாண்டுகளில் உலகெங்கும் நடந்த 500-க்கும் மேற்பட்ட தீக்குளிப்புகளைத் திரட்டி ஆராய்ந்தார். பிரவுனின் படம் ஒரு முன்மாதிரியை உண்டாக்கியது. அது பௌத்தத்தைக் கடந்து பல நாடுகளுக்குப் பரவியது என்று காட்டினார். ஆனால் முன்மாதிரி பரவிய அளவுக்கு வெற்றி பரவவில்லை. சைகோனில் மூன்று சூழல்கள் ஒருங்கே அமைந்தன. படம் பிடித்து வெளியே அனுப்ப முடிந்தது. டியெம் அரசு முழுக்க அமெரிக்காவை நம்பி நின்றது. அமெரிக்க மக்களின் அருவருப்பு அவர்களின் அரசையும், அதன் வழியே டியெம்மையும் ஆட்டியது. நாட்டுக்குள் பெரும்பான்மை மக்களின் அமைப்பு ஒன்று தெளிவான கோரிக்கைகளோடு பேச்சுவார்த்தைக்குக் காத்திருந்தது. 2010-இல் துனீசியாவில் முகமது புவாசிசி எரிந்தபோதும் கைப்பேசிப் படங்களும் கொதித்துக்கொண்டிருந்த நகரங்களும் இருந்தன. ஙாபாவில் இணையம் துண்டிக்கப்பட்டது. செய்தியாளர்கள் வழியிலேயே திருப்பி அனுப்பப்பட்டார்கள். சீன அரசு வெளியிலிருந்து எவர் தயவையும் நம்பியில்லை. 2010-க்குப் பிறகு தலாய் லாமா தரப்போடு நடந்துவந்த பேச்சுவார்த்தையும் நின்றுபோயிற்று. தலாய் லாமாவின் தூதர்கள் இருவரும் 2012-இல், தீக்குளிப்புகள் தொடர்வதையும் பெய்ஜிங் அசையாததையும் சுட்டிப் பதவி விலகினார்கள்.

ஐ.நா. மனித உரிமை ஆணையராக இருந்த நவி பிள்ளை 2012 நவம்பரில் இரு பக்கமும் நோக்கிப் பேசினார்: திபெத்தியர் இந்த வழியைக் கைவிட வேண்டும், சீனா நெடுநாள் குறைகளைத் தீர்க்க வேண்டும். முதல் வேண்டுகோள் காலப்போக்கில் நடந்தேறியது. இரண்டாவது அப்படியே நிற்கிறது. 2023-இல் ஐ.நா. நிபுணர்கள் சுமார் பத்து லட்சம் திபெத்தியக் குழந்தைகள் விடுதிப் பள்ளிகளில் சீன மொழிச் சூழலில் வளர்க்கப்படுவதைப் பற்றிக் கவலை தெரிவித்தார்கள். லாமா சோபா தம் ஒலிநாடாவில் கேட்டது பிள்ளைகளுக்குச் சொந்தப் பண்பாட்டைக் கற்றுத்தர வேண்டும் என்பது. 2025 ஜூலையில் 90 வயதை எட்டிய தலாய் லாமா, தம் மறுபிறவியை அறியும் உரிமை தம் அறக்கட்டளைக்கே உரியது என்று அறிவித்தார். அந்த உரிமை தன்னுடையது என்று பெய்ஜிங் மறுத்தது. எரிந்தவர்கள் முன்வைத்த கோரிக்கைகள் ஒவ்வொன்றும் இன்னும் விடை பெறாமல் நிற்கின்றன. அந்த மறுபிறவிச் சிக்கல் வெடிக்கும் நாளில் திபெத் என்ன செய்யும் என்ற அச்சம் வீண் அச்சம் அல்ல.

திபெத்துக்குள்ளேயே உயிரைக் காத்துப் போராடும் வழிகளையும் மக்கள் கண்டிருக்கிறார்கள். 'லக்கார்' என்ற இயக்கத்தில் புதன்கிழமைதோறும் திபெத்திய உடை உடுத்தி, கலப்பில்லாத திபெத்தியம் பேசி, திபெத்தியர் கடையிலேயே பொருள் வாங்குகிறார்கள். சட்டப்படி எவரும் குற்றம் சொல்ல முடியாத சிறு செயல்கள் இவை. வோசர் கேட்ட 'உயிரோடிருந்து போராடுவது' இப்படித்தான் இருக்கும். வெளியிலிருப்பவர்கள் கைகொடுக்க வேண்டியது இந்த வழிக்குத்தான். முக்கியமாக, லட்சம் பேருக்குக் குறையாத திபெத்தியருக்குப் பல பத்தாண்டுகள் புகலிடம் தந்த இந்தியா. 2012 மார்ச்சில் சீன அதிபரின் வருகைக்கு முன் ஜம்பேல் யெஷி என்ற இளைஞர் டெல்லித் தெருவில் தீக்குளித்து இறந்தபோது, இந்த நாடு செய்தது நூற்றுக்கணக்கான திபெத்தியரை முன்னெச்சரிக்கையாகப் பிடித்து அடைத்தது. புகலிடம் தந்தவர்கள் பேசும் உரிமையையும் சேர்த்துத் தந்திருக்க வேண்டும்.

பௌத்தம் இதை அனுமதிக்கிறதா என்ற விவாதம் பௌத்தர்களிடையே தொடரட்டும். பலன் உண்டா என்ற கணக்கை வரலாற்றாசிரியர்கள் போடட்டும். மற்றவர்களின் கடமை எளிமையானது: எரிந்தவர்களைப் போற்றி இன்னொருவரை அந்த வழியில் அனுப்பாமல் இருப்பது, அவர்கள் எழுதி வைத்தவற்றைப் படிப்பது, அவற்றில் நியாயமானதை நம் குரலில் திரும்பக் கேட்பது. தன் மொழி வேண்டும், தன் குரு வேண்டும் என்று ஒரு திபெத்தியர் சாதாரணமாகத் தெருவில் நின்று சொல்லிவிட்டு மாலையில் வீடு திரும்ப முடிகிற நாள் வந்தால்தான் இந்தப் போராட்டம் முடிந்தது என்று சொல்லலாம்.